காத்தவராயன் கட்டிய டாங்கி

மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவர் காத்தவராயன். ஆனாலும் திருவிழாவில் டிவிப் பெட்டியை வைத்து ஊரையே வரிசையில் நிற்கவைத்த ஆள், புதுச்சேரியில் அவருக்கு முன்னால் எவராவது உண்டா, சொல்லுங்கள் பார்ப்போம்.

எழுபதுகளில் மில் வேலை போனது. அவர் யார் காலிலும் போய் விழவில்லை. ஏர்கன்களும் ஒரு பலகையும் வாங்கி, திருவிழாவுக்குத் திருவிழா பலூன் சுடும் கடை போட்டுக் குடும்பத்தை நிமிர்த்தினார்.

எண்பத்தைந்தில், பிரெஞ்சு ராணுவப் பென்ஷன் வாங்கும் சொல்தா பலராமன் வீட்டுக்குப் பாரிசிலிருந்து ஒரு விளையாட்டுப் பெட்டி வந்தது. டிவியில் மாட்டினால் டாங்கிச் சண்டை. டாங்கிக்குள் இருப்பவன் கண்ணுக்கு என்ன தெரியுமோ அதுதான் திரையில் தெரியும்: வெட்டவெளி, தூரத்தில் எதிரி டாங்கி, நடுவில் குறி பார்க்க ஒரு கோடு. ஒரு தடவை ஆடிப் பார்த்த காத்தவராயனுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. ஏர்கன்களை, திருவிழாக்களில் பக்கத்தில் கடை போடும் கலியபெருமாளுக்கு விற்றுவிட்டு, அந்தப் பெட்டியையும் ஒரு பழைய கறுப்பு வெள்ளை டிவியையும் வாங்கினார். பலகை முழுக்க ஓட்டை என்று கலியபெருமாள் அதை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை.

மனைவி அமிர்தவல்லி ஒன்றுதான் சொன்னாள். "இது ஓடலன்னா, கலியபெருமாள் கடையிலதான்யா நீ பலூன் ஊதணும்."

வீராம்பட்டினம் ஆடித் தேருக்குக் கடை போட்டார். எதிரே கலியபெருமாளின் பலூன் கடை. கூட்டம் வந்தது, வேடிக்கை பார்த்தது, நகர்ந்தது. ஆட ஒருவரும் முன்வரவில்லை. சினிமா பார்த்துப் பழகிய சனம் அல்லவா? திரை என்றால் அதில் ஒரு ஆள் வரவேண்டும், அவன் சுடவேண்டும், இவர்கள் விசிலடிக்க வேண்டும். வைத்திக்குப்பத்து மீன்காரி செல்வாம்பாள் கேட்டே விட்டாள்.

"ஏண்ணே, சத்தம்தான் வருது. சண்ட போடுற ஆளு எப்ப வருவான்?"

"நீதாம்மா அந்த ஆளு."

"நானா? நான் இங்கதான நிக்கிறேன்."

கூட்டம் சிரித்தது. கலியபெருமாள் எதிர்க்கடையிலிருந்து, பலூன் ஊத ஆள் வேண்டும் என்று சாடை பேசினார். வேறொருவராக இருந்தால் மூட்டை கட்டியிருப்பார். காத்தவராயன் பந்தல்காரரிடம் ரம்பம் வாங்கினார். அந்தப் பழைய பலகையில், கண் மட்டத்தில் நீளமாக ஒரு சந்து அறுத்தார். அதை டிவிக்கு முன்னால் நிறுத்தி, சுற்றிலும் தார்ப்பாயைக் கட்டி, உள்ளே உட்கார ஒரு மீன் பெட்டியைக் கவிழ்த்தார். பலகையில் இருந்த ஏர்கன் ரவை ஓட்டைகளைப் பார்த்தால், போருக்குப் போய் அடிபட்டு வந்த டாங்கி என்றே தோன்றும்.

"இப்ப உள்ள போய் உக்காரு."

செல்வாம்பாள் கூடையை வெளியே வைத்துவிட்டு நுழைந்தாள். சந்து வழியே பார்த்தால் டிவி தெரியவில்லை, வெட்டவெளிதான் தெரிந்தது. எதிரி டாங்கி திரும்பியது, சுட்டது, கண்ணாடி உடைந்ததுபோல் கண்ணெதிரே கோடு கோடாக விரிசல் விட்டது. தார்ப்பாய் குலுங்க, பெட்டியிலிருந்து சரிந்து தலைகுனிந்து வெளியே வந்தாள்.

"என்னியே சுட்டுட்டாண்ணே."

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "இன்னொருவாட்டி வுடு. அவன வுடக்கூடாது."

அவ்வளவுதான். தேர் நிலைக்கு வந்த பிறகும் வரிசை கலையவில்லை. அதை ஒழுங்கு செய்தது அமிர்தவல்லி. பொழுது சாயும்போது கலியபெருமாள் வந்து, தெரிந்த ஆள்தானே என்று நேராக உள்ளே நுழையப் பார்த்தார். அவள் கையை நீட்டித் தடுத்தாள்.

"வரிசையில வாண்ணே. பலூன் ஊத வேற ஆள் பாத்துக்க."

அவரும் வரிசையில் நின்றுதான் காத்தவராயனின் டாங்கியில் ஏறினார்.