பெருமாள் முதுகுக்குப் பின்னால போன பைப்பு

தாம்பரம், சேலையூர், சிட்லபாக்கம், இந்தப் பக்கம் எந்த வூட்டுக்குப் பிளம்பர் வேலைக்குப் போனாலும் எனக்கு ஒரே பாட்டுதான். "கேசவன், பச்சத்தண்ணி நல்லா கொட்டுது, வெந்நி மட்டும் நூலாட்டம் வருது. இன்னா காரணம்?" பாக்காமலே சொல்றதுக்கு நான் இன்னா ஜோசியக்காரனா? ஆனா பாத்தா பத்துல ஒம்போது வூட்ல உப்புதான். இங்க போர் தண்ணி அப்டி. கீசருக்குள்ள கட்டும், வால்வுல கட்டும். கயட்டி, சொரண்டி, திரும்பி மாட்டினா கத முடிஞ்சுது. பட்டு மாமி வூட்ல மட்டும் முடியல. அதான் சொல்ல வரேன்.

மாமி சிட்லபாக்கத்துல தனியா இருந்தாங்க. வூட்டுக்காரரு செத்து ரொம்ப வருஷம் ஆச்சு, புள்ள குட்டி கெடையாது. கைக்கொழந்தைங்கள குளிப்பாட்டுறதுதான் அவங்க தொழில். சிரிக்காதீங்க. தொண்ணூறு, தொண்ணூத்தொண்ணுல இங்க தெருவுக்குத் தெரு புச்சு புச்சா வூடு எழும்புது. புருஷன் பேங்கு, பொண்டாட்டி டீச்சரு. பெரியவங்க எல்லாம் கும்பகோணத்துலயும் திருச்சியிலயும். கொழந்தைய எப்டிப் புடிச்சுத் தண்ணி ஊத்துறதுன்னு தெரியாம அந்தப் பொண்ணுங்களே அழுவுங்க. துண்டுல சுத்திக்கினு மாமி வூட்டுக்கு வந்துடுங்க. மாமி மணையில ஒக்காந்து காலை நீட்டி, கொழந்தைய கால் மேல குப்புறப் போட்டு, எண்ண தேச்சு, வெந்நிய வெளாவி ஊத்துவாங்க. என் பொண்ணும் அந்தக் கால் மேல குளிச்சவதான். எந்த வூட்டுக் கொழந்தன்னு மாமி கேட்டதே இல்ல. பால் குடிச்சு எவ்ளோ நேரமாச்சுன்னுதான் கேப்பாங்க.

வெறகு அடுப்புல தவலத் தண்ணி காய வெச்சு, பின்னால ரூமுக்கு வாளி வாளியா தூக்கினு போவாங்க. தூக்கித் தூக்கி வலது தோள் கெட்டுப்போச்சு. கை காதுக்கு மேல போவல. இனிமே வாளிய தொட்டீங்கன்னா நான் பொறுப்பில்லன்னுட்டாரு டாக்டரு. நாக்பூர்ல மாமிக்கு ஒரு அண்ணன், ஸ்ரீநிவாசராகவன்னு பேரு. அவரு, பொங்கலுக்குள்ள நானே வந்து அழைச்சுக்கினு பூடறேன்னு சொல்லிட்டாரு. நல்ல மனுஷன்தான். மாமி என்னாண்ட சொன்னது வேற: "அங்க போனா நான் விருந்தாளி மாதிரி உக்காரணும் கேசவா, வேலைக்காரி மாதிரி எழுந்துக்கணும். ரெண்டும் எனக்கு வராது."

அதுக்காகத்தான் கீசர் வாங்கினாங்க. கொழாயத் தொறந்தா வெந்நி வந்துச்சுன்னா வாளி தூக்க வேணாம், ஊரையும் வுட வேணாம். ஆனா வந்தா தானே. நூலு கூட இல்ல, சொட்டு. ஒரு கொழந்தைக்கு வெளாவறதுக்குள்ள அது குளுருல விறைச்சுப்பூடும்.

கீசர மாட்டினது வேற மேஸ்திரி. ரிப்பேருக்குத்தான் என்னைக் கூப்ட்டாங்க. மொத தடவ வால்வக் கயட்டிப் பாத்தேன், உப்பு. சொரண்டினேன், நல்லா வந்துச்சு. மறுநாள் சொட்டு. கீசரயே எறக்கிக் கழுவினேன். வந்துச்சு, மறுநாள் சொட்டு. கொழாயப் புச்சா போட்டேன், அப்பவும் அதேதான். சரி, டியூப்ப மாட்டி வாயால உறிஞ்சினா எப்டின்னு உறிஞ்சினேன். குபுகுபுன்னு வந்துச்சு பாருங்க, எனக்கே தலகால் புரியல. மறுநாள் காலங்காத்தால பக்கத்து வூட்டு போன்லேந்து மாமி: "கேசவா, பழையபடிதான்." எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். மாமி மேல இல்ல, அந்தப் பைப்பு மேல. கையில ஸ்பானர் இருந்தா ரெண்டு போட்டிருப்பேன்.

போயி, கொழாய்க்கு எதுத்தாப்புல ஒக்காந்துக்கினேன். மாமி கொழாயத் தொறந்தாங்க. கொழாயிலேந்து ஒரு இருமல், ஒரு துப்பல், அப்பால உள்ள எங்கியோ குளுக்குனு சத்தம், அவ்ளோதான். மாமி செவுத்துல காத வெச்சுக் கேட்டாங்க.

"இதுக்கு வாயு, கேசவா."

"இன்னா மாமி, நானே பேஜாராகி ஒக்காந்துனு கீறேன், கலாய்க்கிறீங்களே."

"கலாய்க்கலை. கொழந்தை பால் குடிக்கறச்சே காத்தையும் சேர்த்து முழுங்கிடும். தோள்ல போட்டுத் தட்டி, ஏப்பம் வந்தாத்தான் மேற்கொண்டு பால் இறங்கும். ஏப்பம் வராத கொழந்தை இப்படித்தான் முனகும். இதுக்கும் மேல எங்கேயோ காத்து நிக்கறது."

அண்ணாந்து பாத்தேன். கீசர் குளியல் ரூம்ல கீது. கொழந்த குளிப்பாட்டுறது பின்னால ரூம்ல. நடுவுல சமையல் ரூம். நேரா செவுத்துல போவ வேண்டிய பைப்பு, நட்டுக்குனு மேல ஏறி, சீலிங்கத் தொட்டுனு போயி, அப்பால கீழ எறங்குது. தண்ணி காஞ்சா அதுலேந்து காத்து பிரியும். பிரிஞ்ச காத்து ஒசரத்துல போயி ஒக்காந்துக்கும். மொட்டமாடி டேங்கு ஒசரம் கம்மி, அத்தத் தள்ற தெம்பு அதுக்கு இல்ல. நான் கயட்டறப்பல்லாம் காத்து வெளிய பூடும், மறுநாள் திரும்பச் சேந்துக்கும். வெக்கமா இருந்துச்சான்னு கேட்டா இல்ல, கடுப்பாதான் இருந்துச்சு.

"எந்த மேஸ்திரி மாமி இப்டி மலையேத்தினான்?"

மாமி கொழாய மூடினாங்க. "நான்தான் ஏத்தச் சொன்னேன்," அப்டின்னாங்க.

அந்தச் சமையல் ரூம் செவுத்துலதான் பெருமாள் அலமாரி. பள்ளிகொண்ட திருநீர்மல ரங்கநாதர் படமும் சின்ன விக்கிரகமும் உள்ள. குளியல் ரூம் தண்ணி பெருமாளுக்குப் பின்னால போவக்கூடாதுன்னு மாமி மேஸ்திரியாண்ட கண்டிப்பா சொல்லிக்கீறாங்க. பெருமாளுக்குக் காட்டாம ஒரு வாய் காப்பி குடிக்காதவங்க, வேற எப்டி சொல்லுவாங்க?

காத்து போறதுக்கு மொட்டமாடி வழியா ஒரு பைப்பு வுடலாம்னு பாத்தேன். மாமி வாடகைக்கு இருந்த வூட்டு ஓனர் தட்சிணாமூர்த்தி, அந்தக் காலத்துலேந்து இந்த ஊர்ல நெலம் வெச்சினு கீறவரு, ஒத்துக்கல. "மாடித் தரைக்கு இப்பதான் தட்டோடு போட்டேன், ஓட்ட போட்டா ஒழுவும். செவுத்துல இன்னா வேணா செஞ்சுக்க," அப்டின்னுட்டாரு. ஆக, ஒரே வழிதான். பெருமாளுக்குப் பின்னால நேரா போவணும். இல்லன்னா நாக்பூரு.  அத்த மாமியாண்ட சொன்னேன்.

"நாளைக்குச் சொல்றேன்," அப்டின்னாங்க.

மறுநாள் போனப்ப கண்ணெல்லாம் செவந்து கெடந்துச்சு. தூங்கலன்னு தெரிஞ்சுது. "பெருமாளுக்குத் திருமஞ்சனம் பண்ற கையாலதான் கொழந்தைகளையும் குளிப்பாட்டறேன். அதுகளுக்குப் போற தண்ணி மட்டும் எப்படி அழுக்காகும்? உடைச்சுக்கோ. அலமாரியை நானே ஒழிச்சுத் தரேன். நீ மட்டும் குளிச்சுட்டு வா."

பிளம்பருங்க வேல முடிஞ்சுதான் குளிப்போம். குளிச்சிட்டு, நெத்தியில திருமண் வெச்சினு செவுத்த ஒடைக்கப் போன ஒரே ஆளு நானாதான் இருக்கும். என் பொண்டாட்டி சிரிச்ச சிரிப்பு இன்னும் காதுல கீது.

நேரா பைப்பப் போட்டு, செவுத்தப் பூசி, காய வுட்டு, கொழாயத் தொறந்தோம். தடதடன்னு கொட்டுச்சு. மறுநாள் நானா போயி பாத்தேன். கொட்டுச்சு. அதுக்கு மறுநாளும் கொட்டுச்சு. மாமி முழங்கைய தண்ணியில காட்டி சூடு பாத்துக்கினே அழுதாங்க.  நான் சுச்சு போர்டப் பாக்குற மாதிரி திரும்பி நின்னுக்கினேன்.

மார்கழியில அண்ணன்காரர் வந்து எறங்கினாரு. நான் அன்னிக்கு வேற கொழாய்க்கு வாஷர் போட்டுனு இருந்தேன். வாசல்ல துண்டும் கொழந்தையுமா பொண்ணுங்க நின்னுனு கீறாங்க. உள்ள வந்த மனுஷன் மடியில, எவளோ ஒருத்தி, "கொஞ்சம் புடிச்சுக்கோங்க சார்"னு குளிச்ச கொழந்தைய வெச்சிட்டுப் பூட்டா. அவரு அசையாம ஒக்காந்துனு இருந்தாரு. அதுவும் தூங்கிப்பூடுச்சு.

அப்பால எழுந்து பெருமாள சேவிக்கப் போனவரு, அலமாரிக்குள்ள கை வெச்சாரு. "என்ன பட்டு, சுவர் கதகதன்னு இருக்கு?"

"வெந்நீர் போறது அண்ணா. மார்கழிக் குளிர்ல காலம் பூரா படுத்துண்டே இருக்கார். முதுகுக்கு இதமா இருக்கட்டும்."

அவரு சிரிச்சாரு. கொஞ்ச நேரம் கைய அங்கியே வெச்சினு நின்னாரு. நாக்பூரப் பத்தி அப்பால பேச்சே எடுக்கல.

ரெண்டு நாள் கழிச்சு அவருக்கு ஆட்டோ புடிச்சுக் குடுத்தது நான்தான். பொட்டியத் தூக்கி உள்ள வெச்சேன். வாசல்ல மாமி ஈரக்கையோட நின்னுனு இருந்தாங்க. ஒரு பொட்டிதான் ஏறுச்சு.