மாதா கோயிலடியில் வண்டியை விட்டு வந்தவர்

1. அம்மாவின் தம்பி, என் சின்ன மாமா, தவணைக்கு மோட்டார் சைக்கிள் எடுத்தபோது தலைமன்னாரில் உள்ள எங்கள் வீட்டு முகவரியைக் கொடுத்தார்.
2. சில தவணைகளுக்குப் பிறகு ஊரை விட்டுப் போனார், தொலைபேசியையும் எடுப்பதில்லை.
3. நிதி நிறுவனத்தின் வசூல்காரர் எங்களைத் தேடி வந்தார்.

பருத்த மனிதர். சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. வசூல்காரரின் வண்டி எந்த வாசலில் நின்றாலும் எங்கள் கரை முழுவதும் அது பேச்சாகிவிடும். அதனால் அவர் எந்த வீட்டுக்குப் போவதென்றாலும் வண்டியை மாதா கோயிலடியில் விட்டுவிட்டு, கொதிக்கும் மணலில் நடந்தே போவாராம்.

அவரைக் கண்டதும் அம்மா கழுத்துச் சங்கிலியைக் கழற்றத் தொடங்கினார். "தம்பி, இதை அடகு வைச்சால் தவணைக் காசுக்குக் காணுமோ?"

"அக்கா, நீங்கள் எங்கயும் கையெழுத்து வைச்சனீங்களோ?"

"இல்லை."

"அப்ப அது கழுத்திலயே கிடக்கட்டும். இண்டைக்கு நீங்கள் கட்டினால், அடுத்த மாசமும் என்னை இஞ்சதான் அனுப்புவாங்கள்."

"வெறுங்கையோட போனால் கம்பனிக் கந்தோரில உங்களை ஏச மாட்டாங்களோ?" என்று கேட்டேன்.

"ஏசுவாங்கள் தங்கச்சி. சம்பளத்தோட சேர்த்துத் தாறதுதானே."

மாமா இங்கே வசிக்கவில்லை என்று கிராம அலுவலரான விதானையாரிடம் கடிதம் வாங்கி அனுப்பச் சொன்னார். மறுநாளே அனுப்பினேன்.

எங்கள் முகவரியை நீக்கிவிட்டதாக நிறுவனம் பதில் எழுதியிருக்கிறது. கடன் மாமாவின் பெயரில் அப்படியே இருக்கிறது. அந்த மனிதர் எங்கள் வீட்டுக்கு வர இனி ஒரு காரணமும் இல்லை. அவருக்கு நான் இன்னும் நன்றி சொல்லவில்லை.