பெட்டி மூச்சு வாங்கியபோது

குறைமாதக் குழந்தைகள் வார்டில் அந்த நர்ஸுக்குப் பெயர் 'புயல்'. நடக்கவே தெரியாது, ஓட்டம்தான். வீட்டிலும் அதே கதை. "தட்டு எங்கயும் ஓடிப் போகாது, உக்காந்து சாப்பிடு" என்று கணவன் தலையில் அடித்துக்கொள்வான்.

அன்று காலையும் ஓட்டம்தான். கண்ணாடிப் பெட்டிக்குள் தையல்காரியின் பெண் குழந்தை, ஒரு கைக்குள் அடங்கிவிடும் உடம்பு, அசையாமல் கிடந்தது. வயிற்றில் ஒட்டிய கம்பி காட்டிய உடற்சூடு இம்மியும் பிசகவில்லை.

"உங்க பொண்ணு சமத்தும்மா" என்று தாயிடம் சொல்லிவிட்டு நகர்ந்தாள்.

"ரொம்பத்தான் சமத்து சிஸ்டர். நேத்து என் விரலை இறுக்கிப் பிடிச்சா. இன்னைக்குக் கண்டுக்கவே மாட்டேங்குறா. அம்மா மேல கோவம்போல."

புயல் நின்றது. பெட்டிக்குள் கையை விட்டாள். அனல்! அவளுக்குச் சுரீரென்றது. குழந்தை குளிரக் குளிர, பெட்டி தானாகவே காற்றைச் சூடேற்றி ஈடுகட்டும். காலையிலிருந்து குழந்தையின் சூட்டையே பார்த்தவள் பெட்டியின் சூட்டைப் பார்க்கவில்லை. கிருமி தொற்றினால் நமக்குக் காய்ச்சல் கொதிக்கும். இத்தனை சின்ன உடம்பு பல நேரம் குளிர்ந்துதான் போகும்.

"டாக்டர், சீக்கிரம் வாங்க!"

"என்ன புயல், சூடு சரியாத்தானே காட்டுது?"

"குழந்தைக்குச் சரிதான். பெட்டிதான் மூச்சு வாங்குது. காத்தோட சூட்டைப் பாருங்க!"

பார்த்தார். குடித்த பால் செரிக்காமல் வயிற்றிலேயே தங்கியது ஏன் என்று ஏற்கெனவே மண்டையைக் குடைந்துகொண்டிருந்தவர் அவர். "ரத்தத்துல கிருமியா இருக்கலாம். ரத்தம் எடு. மருந்தையும் உடனே ஏத்து, ரிசல்ட் வர்றப்போ வரட்டும்."

வார்டே பறந்தது. நூலிழை நரம்பில் ஊசி ஏறியது. கிருமி இருந்தால் வளர்ந்து காட்டும் குப்பியோடு ஒருவர் ஆய்வகத்துக்கு ஓடினார். தையல்காரி புயலின் கையைப் பிடித்துக்கொண்டாள். "பொழைச்சிடுவாளா சிஸ்டர்?"

"சீக்கிரமே பிடிச்சிட்டோம்மா. நீங்க சொன்னதாலதான் நின்னேன்."

மறுநாள் ஆய்வகத்திலிருந்து போன்: கிருமி வளர்ந்துவிட்டது. அதற்கடுத்த நாள் இன்னொரு போன்: போட்ட மருந்துக்கே அது சாகிறது! புயல் ஓடிவந்து பெட்டிக்குள் கையை விட்டாள். அனல் அடங்கியிருந்தது.

எதிர்ப்பக்கத் துவாரத்தில் கை விட்டிருந்த தையல்காரி கத்தினாள். "சிஸ்டர், விரலை விடவே மாட்டேங்குறா! இழுத்தா சிணுங்குறா!"

"அப்போ சமத்துன்னு சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன்ம்மா" என்றாள் புயல், அடுத்த பெட்டிக்கு ஓடியபடியே.