தராசில் வைத்த கால்

வலது காலை மட்டும் தராசின் மேல் வைத்து, வாக்கரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சிவப்பாக மின்னும் எண்ணை உற்றுப் பார்த்தார் குப்புராஜ். "இருவது. போதும் நிறுத்து" என்று காலிடமே சொல்லிவிட்டு இறக்கினார். ஆபரேஷன் முடிந்து வந்ததிலிருந்து காலையில் இதுதான் அவருக்கு முதல் வேலை.

ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலைத் தாண்டி உள்ளே திரும்பினால் அவருடைய பழைய பேப்பர் கடை. செய்தித்தாள் கட்டுகளுக்கும் நசுங்கிய அலுமினியக் குண்டான்களுக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி; அதில் ராஜா மாதிரி உட்கார்ந்திருப்பார். பேச்சில் அவரை யாரும் அசைக்க முடியாது. வீட்டில் தூக்கிப் பார்த்தபோது கனமாக இருந்ததே என்று யாராவது இழுத்தால், "வர்ற வழியில வெயில்ல காஞ்சிருக்கும்க்கா" என்பார். வழக்கமாகப் பேப்பர் போட வரும் யூனிஸ் டீச்சர் மட்டும் விடமாட்டார். "உங்க தராசுக்குப் பசி ஜாஸ்தி அண்ணா."

"சாமி படத்துக்குக் கீழ கீது டீச்சர். பொய் சொல்லுமா?"

அவருக்கு மாற்றியது சிமென்ட் வைக்காத இடுப்பு மூட்டு. தொடை எலும்புக்குள் இறக்கிய உலோகத் தண்டை எலும்பே வளர்ந்து கவ்விக்கொள்ள வேண்டும். அதுவரை அந்தக் காலில் இருபது கிலோவுக்கு மேல் பாரம் இறங்கக் கூடாது என்றார் டாக்டரம்மா. "எடைய பத்தி எங்கிட்டயே சொல்றீங்களா மேடம்" என்று சிரித்துவிட்டு வந்தார்.

அடுத்த எக்ஸ்ரேயில் தண்டு நாலு மில்லிமீட்டர் கீழே இறங்கியிருந்தது. "கொஞ்சம் இறங்குறது சகஜம்தான். ஆனா இதோட நிக்கணும். இன்னும் இறங்கினா திரும்பத் திறந்து வேற போட வேண்டி வரும். சொன்னதுக்கு மேல வெயிட் குடுத்தீங்களா?"

குப்புராஜுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "டெய்லி தராசுல வச்சிப் பாத்துகினுதான் நடக்கறேன் மேடம்."

ஆட்டோவில் கூட வந்த அவர் மனைவி பேபி, கடை வாசலில் இறங்கியதும் கேட்டாள்: "எந்தத் தராசுல?"

"நம்ம தராசு..." என்று தொடங்கியவர் சாமி படத்துக்குக் கீழே இருந்த அதைத் திரும்பிப் பார்த்தார். பன்னிரண்டு கிலோவைப் பத்து என்று காட்டும்படி அதைச் செட் பண்ணச் சொன்னவரே அவர்தான். சரியான தராசு என்று ஊருக்குச் சொல்லிச் சொல்லி அவரே அதை நம்பிவிட்டிருந்தார். அது இருபது காட்டியபோதெல்லாம் காலில் இருபத்து நாலு இறங்கியிருக்கிறது. மறுபடி கத்தியா என்ற நினைப்பிலேயே அன்று அவர் சோற்றைத் தொடவில்லை.

மறுநாளே மெக்கானிக்கைக் கூப்பிட்டார். "இத்த சரி பண்ணா பேஜாருண்ணா, ஏவாரம் படுத்துடும்" என்றான் அவன்.

"ஏவாரம் படுத்தா எழுந்துக்கும். என் காலு படுத்தா எழுந்துக்காது. கரெக்டா வை."

அன்றிலிருந்து ராஜகீழ்ப்பாக்கத்துப் பழைய பேப்பரெல்லாம் திடீரென்று கனத்தது. யூனிஸ் டீச்சர் நம்பாமல், மூட்டைக்குள் வேறு ஏதாவது விழுந்துவிட்டதா என்று பிரித்தே பார்த்தார். குப்புராஜ் அதையெல்லாம் கண்டுகொள்ளவில்லை. அவர் கவலை முழுக்கத் தொடைக்குள் இருந்தது. அதட்டிப் பேசிய மனிதர், பேபி "மெதுவா" என்றால் பச்சைப்பிள்ளை மாதிரி நின்றார்.

இந்த வாரம் மறுபடி எக்ஸ்ரே. முந்தைய படத்தையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த டாக்டரம்மா நிமிர்ந்து சிரித்தார். "இம்மியும் நகரல. எலும்பு நல்லா பிடிச்சிருக்கு. இனிமே முழு வெயிட்டும் குடுக்கலாம். வாக்கர் வேணாம்."

குப்புராஜ் பேபியோடு நேரே கடைக்கு வந்தார். பேப்பர் மூட்டையோடு யூனிஸ் டீச்சர் காத்திருந்தார். "ஒரு நிமிசம் டீச்சர். நம்பர மட்டும் பட்ச்சி சொல்லுங்க" என்று தராசில் ஏறி, இடது காலை மெல்லத் தூக்கினார். வலது கால் ஒன்றே அவரை முழுசாகத் தாங்கி நின்றது.

"எழுபத்தொண்ணு" என்றார் டீச்சர்.

"ஆஸ்பத்திரிலயும் அதேதான்" என்றாள் பேபி.

குப்புராஜ் இறங்கினார். அலுமினிய வாக்கரை மடக்கித் தராசில் வைத்து, எடையைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டு, குண்டான் குவியலின் மேல் தூக்கி எறிந்தார்.