பேருந்தில் ஏறியவளே வந்தவள்

கல்லூரி ஆசிரியத் தொழிலில் பாடம் நடத்துவது சிறு பகுதி; பாடம் நடந்ததற்குச் சான்று சேர்ப்பதே பெரும்பகுதி. சுண்ணக்கட்டித் தூளைச் சுவாசித்தே ஓய்வூதியம் வரை வந்து சேர்ந்த தோழர்கள் இதை மறுக்க மாட்டார்கள். கொடைக்கானலில் ஒரு மகளிர் கல்லூரியில் நான் தாவரவியல் கற்பித்த காலம், எழுபதுகளின் கடைசியும் எண்பதுகளின் தொடக்கமும். சமவெளியில் யாரோ ஒருவருக்குத் தோன்றிய புதுமை, சில மாதங்களில் மலையேறி வந்து எங்கள் தலையில் இறங்கும்.

வெளிச்சப் பெட்டி

முதலில் வந்தது, சுவரில் படம் காட்டும் புரொஜெக்டர். வைக்கோல் மெத்தையில் அமர்ந்து ஜீப்பில் வந்தது. கரும்பலகையின் காலம் முடிந்தது என்று முதல்வர் அம்மையார் அறிவித்தார். பூண்டின் உள்ளமைப்பைக் காட்ட ஆயத்தமானேன். சன்னல் வழியே நுழைந்த மூடுபனி கண்ணாடியில் படிந்து, சுவரில் ஒரு வெண்கறை மட்டுமே தெரிந்தது. துடைத்து முடித்தபோது மின்சாரம் போயிற்று.

கடைசி வரிசையிலிருந்து பொன்னுத்தாய் எழுந்தாள். பூம்பாறையில் பூண்டு விளைவிக்கும் குடும்பத்துப் பெண், விடுதி மாணவி. ஊரிலிருந்து கொண்டுவந்த பூண்டு, வேரும் தாளுமாக அவள் பையில் இருந்தது. பிளேடால் நறுக்கிப் பார்த்தோம். பத்து நிமிடத்தில் பாடம் முடிந்தது. கருவிக்குக் கம்பளி போர்த்தித் தூக்கிச் சென்ற உதவியாளர் சவரியம்மாள் வாசலில் நின்று சொன்னார்:

"இம்புட்டுப் பெரிய பெட்டி எதுக்குங்க மேடம், அந்தப் புள்ள பையே போதும்போலயே."

பருவமுறை

அடுத்து, ஆண்டுக்கு ஒன்றாக இருந்த தேர்வு இரண்டாயிற்று. அந்த அட்டவணையை வகுத்த அறிஞர்கள், பூண்டுக்கும் ஒரு பருவம் உண்டென்று அறியாதவர்கள். பிடுங்கும் வேளையில் மழை பிடித்துக்கொண்டால் ஒரு குடும்பத்தின் உழைப்பு மண்ணிலேயே அழுகிவிடும். பொன்னுத்தாய் ஊருக்குப் போனாள். தேர்வெழுதத் தேவையான வருகையில் நான்கு நாள் துண்டு விழுந்தது.

அவள் தந்தை முத்துச்சாமி என் அறைக்கு வந்தார். நாற்காலியில் உட்கார மறுத்து, நின்றபடியே மரியாதையாகத் தெரிவித்தார்:

"பரிச்சை எழுத விட்டாப் படிக்கட்டுங்க. இல்லேன்னா தாண்டிக்குடியில மாப்பிள்ளை பாத்து வச்சிருக்கேன், தையிலயே அந்தச் சோலியை முடிச்சிருவேன்."

களப்பணி

அவ்வேளையில் மூன்றாவது புதுமை வந்தது. ஏட்டறிவு போதாது, மாணவியர் ஐந்து நாள் ஒரு கிராமத்துக்குச் சென்று வேளாண்மையை நேரில் காண வேண்டும், அந்த நாட்கள் வருகையில் சேரும். கல்லூரி தேர்ந்தெடுத்த ஊர் பூம்பாறை. நான் நிம்மதியடைந்தேன். அது என் அவசரம்.

முதல் நாள் பேருந்து போய் நின்றது பொன்னுத்தாய் வீட்டுப் பூண்டுக் காட்டின் ஓரத்திலேயே. முப்பது பெண்கள் வரப்பில் நின்று குறிப்பெடுத்தார்கள். பூண்டு பிடுங்கி முடியாததால் இன்னும் ஊரிலேயே இருந்த அவள்தான் முழங்கால்வரை மண்ணோடு விளக்கினாள்: தாள் எந்த அளவு பழுத்தால் பிடுங்கலாம், விதைப்பூண்டை ஏன் புகையில் தொங்கவிட வேண்டும் என்று. மாலையில் பதிவேட்டைப் பார்த்தேன். முப்பது பேரும் வந்தவர்கள், பொன்னுத்தாய் வராதவள். களப்பணிக்குப் பொறுப்பேற்ற இளம் ஆசிரியை ஸ்டெல்லா என்னிடம் படித்தவள்தான். கேட்டதற்குப் படிவத்தைத் திருப்பிக் காட்டினாள்:

"பஸ்ஸுல ஏறுறப்பதான் மேடம் பேர் கூப்பிடணும். 'புறப்பட்ட இடம்: கல்லூரி'ன்னு அச்சடிச்சே அனுப்பியிருக்காங்க. அவ அங்கயே இருந்தா, வந்தான்னு நான் எப்படிப் போட முடியும்?"

காய்கறி லாரி

முதல்வரிடம் முறையிட்டேன். படிவத்தைத் திருத்த அவருக்கு அதிகாரமில்லையாம். பொய்யாக ஒரு வருகை போட எனக்கு மனமில்லை. என் பணிக்காலத்தில் போட்டதும் இல்லை. மீதமிருந்தவை சரியாக நான்கு நாட்கள். ஆகவே படிவம் கேட்டதை அப்படியே செய்தோம். விடியுமுன் முத்துச்சாமி மகளோடு காய்கறி லாரியில் ஏறி, கல்லூரி வாசலில் இறங்குவார். பெயர் கூப்பிட்டதும் அவள் "உள்ளேன்" என்பாள். பேருந்தில் ஏறித் தன் காட்டுக்கே திரும்புவாள். திரும்பி வருவதற்குப் படிவத்தில் கட்டமில்லை. மாலையில் வீட்டிலேயே தங்கிவிடுவாள். நான்காம் நாள் முத்துச்சாமி லாரியிலிருந்து இறங்கி, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்:

"எங்க காட்டுல நிக்கிறதுக்கு இவ கொடைக்கானல் வந்துட்டுப் போகணும். இதெல்லாம் படிச்சவங்களாலதாங்க யோசிக்க முடியும்."

செய்முறைத் தேர்வு

சமவெளியிலிருந்து வந்த தேர்வாளர் இரண்டு ஸ்வெட்டர்களுக்குள் நடுங்கிக்கொண்டிருந்தார். மற்றப் பெண்கள் என் குறிப்பேட்டை எனக்கே ஒப்பித்தார்கள். பொன்னுத்தாயிடம் பூண்டைப் பற்றி ஒரு கேள்வி கேட்டார். பிறகு மதிப்பெண் தாளை ஒதுக்கி வைத்து, அவள் சொல்வதை எழுதிக்கொள்ளத் தொடங்கினார். இதையெல்லாம் எங்கே கற்றாய் என்று இறுதியில் வினவினார். அவள் என்னை ஒரு முறை பார்த்துவிட்டு, கைகட்டிப் பணிவோடு பதில் சொன்னாள்:

"எங்க காட்டுலதாங்க சார். ஆனா முறைப்படி பஸ்ஸுல போயித்தான் கத்துக்கிட்டேன்."

அவள் முதல் வகுப்பில் தேறினாள், தாண்டிக்குடி மாப்பிள்ளை வேறிடம் பார்த்துக்கொண்டார், கல்லூரியின் ஆண்டறிக்கையோ அந்த வெற்றி முழுவதையும் பேருந்துக்கே உரித்தாக்கியது.