அத்தான் அணைத்த மண்

அத்தானின் மண்வெட்டி என் சமையலறைக் கதவுக்குப் பின்னால்தான் இன்னும் நிற்கிறது. ஊருக்குப் போய்வந்தபோது தகட்டைத் தான் உடுக்கும் சாரத்தில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்து, இலண்டன் நோர்பரியில் அதற்குப் பிடி போட்டார். அவர் என் அக்காவின் கணவர். யாழ்ப்பாணத்தில் வெங்காயம் செய்தவர், இலண்டனில் முப்பது வருடம் பஸ் ஓட்டினார். ஓய்வு பெற்றபின், நெடுங்காலம் காத்திருந்து கவுன்சிலிடமிருந்து ஒரு தோட்டத்துண்டு பெற்றார். அதே வருடம் அவருடைய சிறுநீரகமும் கைவிட்டது. "இந்த நாட்டில ஒரு விளைச்சலாவது எடுத்துப்போட்டுத்தான் சாவன்" என்பார். பகிடி என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

அந்தக் கோடை ஒரு கோடையா! ஜூலையிலும் ஜாக்கெட்டைக் கழற்ற முடியவில்லை. மிளகாய் பூவைக் கொட்டியது, கத்தரி கன்றிலேயே அழுகியது, மிச்சத்தை நத்தை தின்றது. பக்கத்துத் துண்டு வெள்ளைக்கார அம்மா பரிதாபப்பட்டுக் கொடுத்த, 'செலரியாக்' என்ற கிழங்கின் ஆறு கன்றுகள் மட்டும் தப்பின. செலரி வாசனை அடிக்கும் இலை, அடியில் தேங்காயளவு பருக்கும் கிழங்கு. ஆனால் அது மண்ணுக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டு பருக்கும் கிழங்கு; மண்ணை விலக்கிவிட வேண்டும் என்று அந்த அம்மா சொன்னார். நானும் போனில் வாசித்துக் காட்டினேன். அத்தானுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "கிழங்குக்கு மண் அணைக்காதவன் கமக்காரனோ? நீர் உந்தப் போனைப் பாத்துத் தோட்டம் செய்யப்போறீரோ, மச்சாள்?" என்று மண்வெட்டியால் அள்ளி அள்ளி அணைத்தார்.

எனக்கு வாயும் சும்மா இருக்காது, கையும் சும்மா இருக்காது. செவ்வாய், வியாழன், சனிக்கிழமைகளில் இரத்தம் சுத்திகரிக்க அவர் ஆஸ்பத்திரிக்குப் போவார். அன்றைக்கெல்லாம் நான் போய் மண்ணை விலக்கி, கீழ் இலைகளை ஒடித்துவிட்டு வருவேன். மறுநாள் அவர் போய்த் திரும்பவும் அணைப்பார். இரவில் அந்தப் பக்கம் நரிகள் உலவும். "நரி கிளறியிருக்கு" என்பார். "ஓம் அத்தான், நரிதான்" என்பேன். அக்கா தலையில் அடித்துக்கொள்வாள். கோடை முழுக்க இதே கூத்துத்தான்.

செப்டெம்பரில் அவர் ஆஸ்பத்திரியிலேயே தங்க வேண்டியதாயிற்று. பார்க்கப் போனால் முதல் கேள்வி, "மண் அணைச்சனீரோ?"

"ஓம் அத்தான்."

பச்சைப் பொய். கிழங்கு பருக்காவிட்டால் மனுஷன் வெறுங்கையோடு போய்விடுவாரே என்ற பயம் எனக்கு. அக்டோபர் கடைசியில் பிடுங்கி, ஆறிலும் பெரியதைக் கழுவி, துவாயில் சுற்றிக் கொண்டுபோய் அவர் மடியில் வைத்தேன்.

பெருவிரலால் மெல்லத் தடவினார். மேல்பாதித் தோல் வெயிலும் மழையும் பட்டுத் தடித்துக் கறுத்திருந்தது, கீழ்ப்பாதிதான் வெளிறி வேர் விட்டிருந்தது. கமக்காரன் விரலுக்கு அது தெரியாமல் இருக்குமா? என்னையே பார்த்தார். பிறகு கட்டிலருகே இருந்த அக்கா பக்கம் திரும்பினார்.

"இஞ்சரும், அந்த நரி நல்லாத் தோட்டம் செய்யுது."

நான் அழுதுவிட்டேன். அவர் கிழங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "ஆனா விளைச்சல் என்ர துண்டிலதான், என்ன?"

"உங்கட விளைச்சல்தான், அத்தான்."

டிசம்பரில், நத்தார்ப் பண்டிகைக்கு முன் அவர் போய்விட்டார். அதுவரை அந்தக் கிழங்கைக் கட்டில் பக்கத்திலிருந்து எடுக்க அவர் யாரையும் விடவில்லை.

இந்த வருடமும் கோடை குளிராகத்தான் இருக்கிறது. துண்டு இப்போது அக்காவின் பெயரில், வேலை என் தலையில். ஆறு கன்று வைத்திருக்கிறேன். ஐந்துக்கு மண்ணை விலக்கிவிட்டேன். ஆறாவதுக்கு மட்டும், கதவுக்குப் பின்னால் இருந்த மண்வெட்டியை எடுத்துப்போய், அத்தான் அணைத்த மாதிரியே அணைத்தேன். மறுநாள் போய்ப் பார்த்தேன். நரி வரவில்லை. அணைத்த மண் அணைத்தபடியே கிடந்தது.