முதுகுக்குக் கிடைத்த வசனம்

என் மனைவிக்கு டப்பிங் தொழில். பதினைந்து வருடமாகக் குடும்பத்தோடு பார்க்கும் சாகசப் படங்களில் ஒரே ஆளுக்குத்தான் குரல் கொடுக்கிறாள்: கறுப்பாக, குண்டாக, சோடாபுட்டிக் கண்ணாடியோடு வரும் தோழிக்கு. அந்தத் தோழி எல்லோருடைய பைகளையும் பிடித்துக்கொண்டு குகை வாசலிலேயே நின்று, "பார்த்துப் போங்க" என்பாள். அவ்வளவுதான். ஒலிப்பதிவு நான். அந்த இரண்டு சொல்லுக்கே, "உயிரே இல்ல, இன்னொரு டேக்" என்று மனைவியின் உயிரை வாங்குவேன்.

எங்கள் மகளுக்கு எட்டு வயது. அதே நிறம், அதே உடம்பு, அதே கண்ணாடி. கீழ்வீட்டுப் பிள்ளைகள் புதையல் விளையாட்டு ஆடினால், இவளைப் பைகளோடு மாடிப்படியடியில் நிறுத்திவிடுவார்கள். ஒருநாள் அழுதுகொண்டே வந்தாள்.

"படத்துல என்னை மாதிரி இருக்கறவ பைதான் பிடிப்பாளாம். பேசறதே உங்கம்மாதானேங்கறாங்க."

மனைவியின் முகம் செத்துவிட்டது. நானோ வாயில் கொழுக்கட்டை வைத்தவன்போல் இருந்தேன்.

அடுத்த படம் வந்தது. எங்கள் தொழிலில் வாய் தெரிந்தால் உதட்டசைவுக்கு அடிமை. முதுகு தெரிந்தால் நாம் வைத்ததுதான் சட்டம். அந்தத் தோழியின் முகத்தை யார் காட்டினார்கள்? படம் முழுக்க முதுகுதான், பாவம். மைக் முன்னால் நின்ற மனைவி திடீரென்று முழங்கினாள்: "இடது பக்கம் திரும்புங்க! வரைபடத்த நான் படிச்சிட்டேன்!"

திரையில் புதையல் தேடிய பிள்ளைகள் அப்படியே இடது பக்கம் திரும்பினார்கள்.

"அடியே, வசனத் தாள்ல அது இல்லடி!"

"முதுகு பேசக்கூடாதுன்னு தாள்ல இருக்கா? பேசாம பதிவு பண்ணுங்க."

பண்ணினேன். பதினேழு வசனம். கேட்டுப்பார்த்த ஸ்டுடியோ மேலாளர், "இப்பதான் கதையே புரியுது" என்று கையெழுத்துப் போட்டுவிட்டார்.

படம் வெளியான வாரமே, மாடிப்படியில் மகள் வரைபடத்தோடு முன்னால் நின்றாள். பின்னால் நாலு பிள்ளைகள்.

"அப்ப பைய யாரு பிடிக்கறது?" என்றான் விளையாட்டின் பழைய கதாநாயகன்.

மகள் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தாள். "அன்னிக்கு ஒண்ணுமே சொல்லாம நின்னாருல்ல, அவரு."

ஐந்து பைகளும் என் கழுத்துக்கு வந்தன. படை மேலே ஏறியது. வேறென்ன சொல்ல?

"பார்த்துப் போங்க" என்றேன்.

மேலே எங்கள் சமையலறை ஜன்னல் திறந்தது.

"உயிரே இல்ல, இன்னொரு டேக்!"